கல்லறைக்குள்ள சொரிமுத்து

அதை ஏன் கேக்கீங்க அண்ணாச்சி, அந்த வாடை இன்னும் மூக்கை விட்டுப் போகல. ஊருக்கு வந்து நாப்பது நாளாச்சு. காபி குடிச்சா அதுல அடிக்கி. அன்னைக்குப் போட்டிருந்த சட்டையை ரெண்டு தடவை தொவைச்சாச்சு, இன்னும் அடிக்கி. வவ்வால் புழுக்கையும் பழைய துணியும் நூறு பேரு விட்ட மூச்சும் ஒண்ணா சேந்தா எப்படி இருக்கும்? அந்த வாடை. எகிப்து போயிட்டு வந்தீங்களாமேன்னு எல்லாரும் வாயைப் பொளந்துட்டு கேக்காங்க. போயிராதீங்கன்னு சொல்லிருதேன். ஓங்கரிச்சுக்கிட்டு வரும்.

உங்க டோக்கன் எத்தனை? அறுபத்தி மூணா. எனக்கு அறுபத்தி ஒண்ணு. இப்பதான் நாப்பதே ஓடுது. உக்காருங்க, இந்த பெஞ்சுல தாராளமா உக்காருங்க. வருஷா வருஷம் பென்ஷனுக்காக கருவூலத்துக்கு வந்து, நான் சாகலை, உயிரோடதான் இருக்கேன்னு மூஞ்சியைக் காட்டிட்டுப் போகணும். நான் வருவாய்த்துறையில ஆர்.டி.ஓ.வா இருக்கும்போது இந்த ஆபீசுக்குள்ள கால் வச்சா அத்தனை பேரும் எந்திரிச்சு நிப்பான். இப்ப அந்த கவுண்டர்ல இருக்க பொண்ணு நிமிந்துகூட பாக்க மாட்டேங்கா. சரி, அதை விடுங்க. நீங்க எந்தத் துறை? வேளாண்மையா. நல்லது. அந்தா வேப்பமரத்தடியில தண்ணி பாட்டிலோட நிக்காங்களே, உங்க வீட்டம்மாவா? துணைக்கு வந்திருக்காங்களாக்கும். நல்லது, நல்லது.

என்ன சொல்லிட்டிருந்தேன்? அந்த வாடை. அது ஒரு கல்லறைக்குள்ள அடிச்சது. கல்லறைன்னா நம்ம ஊரு கல்லறை மாதிரி நினைச்சிராதீங்க. நைல் ஆத்துக்கு மேக்க ஒரு மொட்டை மலை. புல்லு பூண்டு கிடையாது. பல்லு விழுந்த வாய் மாதிரி மலை பூரா பொந்து. ஒவ்வொரு பொந்துலயும் ஒரு அதிகாரி. ராஜாக்களுக்கு அந்தப் பக்கம் தனிப் பள்ளத்தாக்கு இருக்கு. இது அதிகாரிமாருக்கு மட்டும். நம்ம ஆபீசர்ஸ் காலனி மாதிரி, செத்த பொறவும் ஆபீசர்ஸ் காலனி.

நான் ஏன் அங்க போனேன்னு கேப்பீங்க. எனக்கு அங்க என்ன வேலை? ரிட்டயர்டு ஆகி குறுக்குத்துறை முருகன் கோயில், சாயங்காலம் ஒரு நடைன்னு இருந்தவன் நான். என் மகளுக்காகப் போனேன். ஒரே மக. உலகநாயகி. வீட்டுக்காரரோட எகிப்துல இருக்கா. அவர் அங்க ஒரு நூல் மில்லுல இன்ஜினியர். மதிவாணன்னு பேரு. பேரு நல்லாத்தான் வச்சிருக்கான் அவங்க அப்பன்.

அவங்க அப்பன் யாருங்கீங்க? அதுலதான வினையே. சொரிமுத்து. என்னோட டபேதார். டபேதார்னா உங்களுக்குத் தெரியும்லா? வெள்ளை உடுப்பு, குறுக்கே சிவப்புப் பட்டை, நெஞ்சுல பித்தளை வில்லை. நான் எங்க போனாலும் எனக்கு முன்னால பத்தடி நடப்பான். கூட்டத்தை விலக்கி விடுவான். பொட்டியைத் தூக்குவான். கோயிலுக்குப் போனா நான் சாமி கும்பிட்டு வாறவரை என் செருப்பை வச்சுக்கிட்டு நிப்பான். கீழ வைக்க மாட்டான், கையில வச்சிருப்பான். பதினாலு வருஷம் அண்ணாச்சி. நான் எந்த ஊருக்கு மாறினாலும் எழுதிப் போட்டு அவனையும் கூட்டிட்டுப் போனேன். அவ்வளவு நல்ல ஆளு. என்னைவிட நாலு வயசு மூப்பு, ஆனா ஒருநாள் என் முன்னால உக்காந்ததில்ல.

அவன் மகன் காலேஜுல சேர நான்தான் சிபாரிசுக் கடிதம் குடுத்தேன். என் கையெழுத்துதான், என் ஆபீஸ் முத்திரைதான். அந்தப் பய படிச்சுட்டு வந்து என் மகளைக் கட்டிக்கிட்டான். ரெஜிஸ்டர் ஆபீசுல. பதினோரு வருஷம் ஆச்சு.

அன்னைக்கு சாயங்காலம் சொரிமுத்து எங்க வீட்டு கேட்டுக்கு வெளிய வந்து நின்னான். கையைக் கட்டிக்கிட்டு, 'சார், எனக்குத் தெரியாது சார், சத்தியமாத் தெரியாது சார்'ங்கான். எனக்கு அவனைப் பாக்கவே அருவருப்பா இருந்துச்சு. உள்ள வான்னு சொல்லல, போன்னும் சொல்லல. விளக்கு வைக்கிற வரை நின்னுட்டுப் போயிட்டான். மறுவாரம் அவனை ரெக்கார்டு ரூமுக்கு மாத்தினேன். தண்டனை எல்லாம் இல்ல, நிர்வாகக் காரணம்னுதான் உத்தரவுல எழுதினேன். பாவம், அந்தத் தூசியில இருமிட்டே கிடந்து ரிட்டயர்டு ஆனான்.

பதினோரு வருஷம் மக கூட பேச்சு இல்ல. வீட்ல வடிவு மட்டும் எனக்குத் தெரியாம பேசிட்டிருந்தா. சங்கரவடிவு, என் வீட்டுக்காரி. எனக்குத் தெரியாதுன்னு அவ நினைச்சுக்கிட்டிருந்தா, நானும் தெரியாத மாதிரி இருந்துட்டேன். பேத்தி பிறந்து ஆறு வருஷம் ஆச்சு. ஆம்பல்னு பேரு. போன மார்கழில வடிவுக்கு நெஞ்சுல ஏதோ அடைப்புன்னு ஆஸ்பத்திரில வச்சு எடுத்தோம். வெளிய வந்ததும் ஒரே வார்த்தைதான் சொன்னா: 'நான் என் பேத்தியைப் பாக்கணும். நீங்க வந்தா வாங்க, இல்லைன்னா நான் போறேன்.' விமான நிலையத்துல எந்தப் பக்கம் ஏறணும்னே தெரியாது அவளுக்கு. தனியா விட முடியுமா? போனேன்.

போனா அங்க சொரிமுத்துவும் இருக்கான். மகன் வீட்லயேதான் இருக்கானாம், மூணு வருஷமா. பெண்டாட்டி செத்த பொறவு கூட்டிட்டு வந்துட்டாங்களாம். நான் அந்த வீட்ல தங்கல. ஹோட்டல்ல தங்கினேன். வடிவு மட்டும் அங்க இருந்துக்கிட்டா. அதை ஒரு பெரிய விஷயமா ஆக்க வேண்டாம்னு, எனக்கு ஏ.சி. இல்லாம தூக்கம் வராதுன்னு சொல்லிட்டேன். அந்த வீட்லயும் ஏ.சி. இருக்காம். சரி.

ரெண்டாம் நாளு மக ஹோட்டலுக்கு வந்தா. தனியா வந்தா. பதினோரு வருஷத்துக்குப் பொறவு என் முன்னால உக்காந்து, அழல, கால்ல விழல, மன்னிப்புக் கேக்கல. காபியைக் கலக்கிட்டே சொன்னா: 'அப்பா, நான் உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேக்கேன். மாமாவை ஒரு தடவை சம்பந்தின்னு கூப்பிடுங்க. எல்லாரும் இருக்கும்போது ஒரே ஒரு தடவை. அதுக்குப் பொறவு பழசு எதையும் பேச மாட்டேன். லீவுக்கு ஆம்பலைக் கூட்டிட்டு நம்ம வீட்டுக்கு வாறேன்.' கூப்பிடலைன்னா? 'கூப்பிடலைன்னா நீங்க அம்மாவோட புருஷன், அவ்வளவுதான்'ன்னா.

பெத்த அப்பன்கிட்ட பேசுத பேச்சா இது? ஆனாலும் நான் கோவப்படல. ஒரு வார்த்தைதான, சொல்லிட்டாப் போச்சுன்னு மனசுல நினைச்சுக்கிட்டேன். உண்மையாச் சொல்லுதேன் அண்ணாச்சி, சொல்லணும்னுதான் இருந்தேன். உங்களை இப்ப அண்ணாச்சின்னு கூப்பிடலையா? முன்னபின்ன தெரியாதவர் நீங்க. வாயில தானா வருது. அது மாதிரி வந்துரும்னு நினைச்சேன்.

வரல. நாலு நாள் முயற்சி பண்ணினேன். பிரமிடு பாக்கப் போனோம், அங்க வச்சு சொல்லிருவோம்னு நினைச்சேன். அவன் ஒட்டகத்துப் பக்கத்துல நின்னு, 'சார், பாத்து சார், கடிச்சிரும் சார்'ங்கான். எப்படி அண்ணாச்சி சொல்லுவேன்? அவன் சார்ங்கான், நான் சம்பந்திங்கவா? சாப்பிடும்போது சொல்லலாம்னு பாத்தா, நான் உக்காந்தா அவன் எந்திரிச்சுருதான். மகன் தோளைப் பிடிச்சு உக்கார வைக்கான். அவன் நாற்காலி நுனியில உக்காந்து, என் தட்டுல என்ன தீந்திருக்குன்னு பாத்துக்கிட்டே திங்கான். எனக்கு சோறு இறங்கல. இப்படி ஒருத்தன் என்னையே பாத்துட்டு இருந்தா எப்படி இறங்கும்?

அப்புறம்தான் லக்சர் போனோம், ஆறு பேருமா. மறுநாள் காலைல அந்த மலை. கைடு பேரு ரெஃபாத். நல்ல இங்கிலீஷ் பேசுதான். அவன்தான் இந்தக் கல்லறைக்குக் கூட்டிட்டுப் போனான். இது ராஜாவுக்கு அடுத்த ஆளோடது, விசியர்னு பட்டம், நாட்டையே நிர்வாகம் பண்ணினவர்னு சொன்னான். நம்ம கணக்குல தலைமைச் செயலாளர். அந்தாளோட பேரை ரெஃபாத் ஏழு தடவை சொன்னான், என் வாயில நுழையல. நான் சி.எஸ்.னே வச்சுக்கிட்டேன். மூவாயிரத்து சொச்சம் வருஷத்துக்கு முந்தின சி.எஸ்.

படிக்கட்டுல இறங்கும்போதே அந்த வாடை ஆரம்பிச்சுட்டு. உள்ள போனா சுவர் பூரா அந்தாளு. இந்தப் பக்கம் உக்காந்திருக்காரு, அந்தப் பக்கம் நிக்காரு, எதுத்தாப்புல படகுல போறாரு. அவரு மட்டும் ஆள் உயரம். மத்தவன் எல்லாம் அவரு முட்டி வரைக்கும்தான். வேலைக்காரன் அதைவிடச் சின்னம், என் சாண் அளவு. கட்டின பெண்டாட்டியைக்கூட ஒரு இடத்துல காலுக்குக் கீழ பொம்மை மாதிரி வரஞ்சிருக்கு. என்ன தற்பெருமை அண்ணாச்சி! சாகப் போற எடத்துலயும் தன் மூஞ்சியையே பாத்துக்கிட்டு கிடக்கணும்னு ஒரு மனுசனுக்குத் தோணுமா? எங்க வீட்டு ஹால்லயும் போட்டோ இருக்கு, இல்லைங்கல. கவர்னரோட ஒண்ணு, மந்திரிமாரோட ஒரு ஒம்பது, வெள்ளத்துல படகுல போயி பார்வையிட்டது ஒண்ணு. அது வேற. அது ஆவணம்.

இன்னொரு சுவரைப் பாத்தேன், எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நம்ம ஜமாபந்தி அண்ணாச்சி! அப்படியே நம்ம வருஷாந்தர வரிக்கணக்குத் தணிக்கை. கயித்தைப் பிடிச்சு வயலை அளக்கான். நாலு பேரு கீழ உக்காந்து எழுதுதான். ஊரு ஊரா மணியக்காரனுகளை வரவழைச்சு விசாரணை. கொண்டுவர வேண்டியதைக் கொண்டுவராதவனைக் கழுத்தைப் பிடிச்சு இழுத்துட்டு வாறாங்க. ஒருத்தனைக் குப்புறப் போட்டு, ஒருத்தன் காலைப் பிடிச்சுக்கிட, ஒருத்தன் கம்பால சாத்துதான். பெரியவரு என்ன செய்யுதாருங்கீங்க? நாற்காலியில உக்காந்து ஒரு பூவை மோந்துக்கிட்டிருக்காரு. பூவை! எனக்குக் காறித் துப்பணும் போல இருந்துச்சு. நான் எத்தனை ஜமாபந்தி நடத்தியிருக்கேன், ஒருத்தன் மேல கை வச்சிருப்பேனா? ஒரே ஒருதடவை ஒரு வி.ஏ.ஓ.வை மூணு மணி நேரம் வெயில்ல நிக்க வச்சேன். அதுவும் சொரிமுத்துகிட்ட கண்ணைக் காட்டினேன், அவன்தான் கொண்டுபோய் நிப்பாட்டினான். அந்தாளு மயக்கம் போட்டு விழுந்தது அவரு உடம்பு வாகு. நான் உள்ள இளநீ குடிச்சுட்டிருந்தேன், எனக்கே பொறவுதான் தெரியும்.

அதுக்குப் பக்கத்துல எழுதியிருக்காம், ரெஃபாத் படிச்சுச் சொன்னான். 'பசிச்சவனுக்குச் சோறு போட்டேன், துணி இல்லாதவனுக்குத் துணி குடுத்தேன், ஒருத்தர் மனசும் நோகப் பேசினதில்ல'ன்னு. அடிவாங்குதவன் படம் இந்தா இருக்கு, எழுத்து அந்தா இருக்கு. ஒரு முழம் தூரம்தான். வெக்கமே இல்லாத ஜென்மம்.

இன்னொரு சுவர்ல விருந்து. மாட்டுத் தொடை, வாத்து, குடம் குடமா சாராயம். அதுல ஒரு பொம்பளை குடிச்சுட்டு தலையைத் திருப்பி வாந்தி எடுக்கா. அதையும் வரஞ்சு வச்சிருக்கான் அண்ணாச்சி! வாந்தியை! வேலைக்காரி ஒருத்தி பக்கத்துல கிண்ணத்தோட நிக்கா. ரெஃபாத் சிரிக்கான், இது ரொம்ப பிரபலமான காட்சிங்கான். அப்புறம் செத்தவனோட மூளையை மூக்கு வழியா கொக்கி போட்டு எப்படி உருவுவாங்கன்னு கையால செஞ்சு வேற காட்டுதான். வடிவு சேலை முந்தானையை மூக்குல வச்சுக்கிட்டா. எனக்குக் காலையில தின்ன ரொட்டி தொண்டைக்கு வந்துட்டு. மகளும் மருமகனும் பிள்ளையைக் கூட்டிட்டு பக்கவாட்டு அறைக்குப் போயிட்டாங்க. அங்க குரங்கு படம் இருக்குன்னு.

கடைசியில நீளமா ஒரு வழி. அதோட முடிவுல ஒரு மாடம். மாடத்துக்குள்ள அந்தாளும் பெண்டாட்டியும் கல்லுல உக்காந்திருக்காங்க. மேல ஒத்தை பல்பு. சுத்தி சாமி படங்கள், நாய்த் தலை, பருந்துத் தலை. அசப்புல நம்ம கோயில் கர்ப்பகிரகம் மாதிரியே இருக்கு. வடிவு சட்டுன்னு செருப்பைக் கழத்திட்டா. சொரிமுத்துவும் கழத்திட்டான். ரெஃபாத் வேண்டாம் வேண்டாம்ங்கான், வெள்ளைக்காரங்க எல்லாம் பூட்ஸோட நிக்காங்க. ஆனா நமக்கு மனசு கேக்காதுல்லா? பிறவிப் பழக்கம். நானும் கழத்தலாம்னு பாத்தேன். எனக்கு லேஸ் வச்ச ஷூ. முட்டி வலி, குனிய முடியல. ஒத்தைக் கையால சுவரைப் பிடிக்கப் போனா காவல்காரன் கத்துதான், தொடாதேன்னு.

நான் கேக்கல அண்ணாச்சி. சத்தியமா நான் கேக்கல. சொரிமுத்து அவனாத்தான் உக்காந்தான். அந்த வயசுலயும் பொசுக்குன்னு கீழ உக்காந்து, லேஸை அவுத்து, என் காலைத் தன் தொடையில வச்சு, ஷூவை உருவிட்டான். நானும் காலைக் குடுத்துட்டேன். அவன் தோளைப் பிடிச்சுக்கிட்டேன். பழகின தோளு. அந்தக் காலத்துல பிடிச்ச அதே எடம்.

எந்திரிச்சு, ரெண்டு ஷூவையும் நெஞ்சோட சேத்துப் பிடிச்சுக்கிட்டு சுவரோரமா ஒதுங்கி நின்னான். நான் மாடத்தைப் பாத்து ஒரு கும்பிடு போட்டேன். எதுக்குக் கும்பிட்டேன்னு எனக்கே தெரியல, அந்தத் திருட்டுப்பயலை. திரும்பிப் பாத்தா ரெஃபாத் கையைத் தட்டிக்கிட்டு குதிக்கான். 'பாருங்க, பாருங்க'ங்கான். சொரிமுத்து தலைக்கு மேல சுவர்ல ஒரு வேலைக்காரன். பெரியவரோட செருப்பை நெஞ்சோட பிடிச்சுக்கிட்டு நிக்கான். அதே நிலை. அதே மாதிரி லேசா முன்னால குனிஞ்சு. தாடைகூட ஒரே மாதிரி இருந்துச்சு. ஒரு வெள்ளைக்காரி டக்கு டக்குன்னு போட்டோ எடுக்கா. எல்லாரும் சிரிக்காங்க. சொரிமுத்துக்கு ஒண்ணும் புரியல. அவனும் சிரிக்கான், எல்லாரும் சிரிக்காங்களேன்னு.

அந்தச் சிரிப்பைக் கேட்டு மக வந்துட்டா. பிள்ளை கையைப் பிடிச்சுக்கிட்டு அந்த வழியில நிக்கா. பின்னால மருமகன். மக மாமனாரைப் பாத்தா. கையில இருக்க ஷூவைப் பாத்தா. ஷூ இல்லாம வெறும் சாக்ஸோட நிக்க என்னைப் பாத்தா. கண்ணைச் சிமிட்டாம என் வாயையே பாக்கா. எனக்குப் புரிஞ்சு போச்சு, இப்ப சொல்லணும். எல்லாரும் இருக்காங்க. இதைவிட ஒரு சமயம் கிடைக்காது. 'விடுங்க சம்பந்தி, நான் வாங்கிக்கிடுதேன்'னு சொல்லிட்டு கையை நீட்டினாப் போதும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வார்த்தை நாக்கு வரைக்கும் வந்துட்டு.

அந்நேரம் பாத்து சொரிமுத்து, மகன் வந்துட்டானேன்னு பதறிப் போயி ஷூவைக் கீழ வைக்கக் குனிஞ்சான். 

'கீழ வச்சிராத, மண்ணு ஒட்டும்'னேன்.

அவ்வளவுதான் சொன்னேன். என்ன தப்பு சொல்லுங்க? புது ஷூ. கீழ பூரா மண்ணு. வைதேனா? கை நீட்டினேனா? அவன் டக்குன்னு நிமிந்து மறுபடி நெஞ்சோட சேத்துப் பிடிச்சுக்கிட்டான். 'சரி சார்'ன்னான்.

மருமகன் வந்தான். அப்பன் கையில இருந்து ஷூவை வாங்கினான். வீசுவான்னு நினைச்சேன், வீசல. என் காலுக்கு முன்னால ஜோடியா, மெதுவா, மண்ணுலயே வச்சான். வச்சுட்டு அப்பன் கையைத் தன் கைக்குட்டையால துடைச்சு விட்டான். விரல் விரலா. என் ஷூவுல என்ன பீயா ஒட்டியிருந்துச்சு? இதெல்லாம் என்னை அவமானப்படுத்தத்தான?

அப்புறம் வடிவு. நாப்பது வருஷமா என் பேச்சுக்கு மறுபேச்சு பேசாதவ. சொரிமுத்து பக்கத்துல போயி, 'வாங்க சம்பந்தி, வெளிய போவோம், இங்க மூச்சு முட்டுது'ன்னா. எவ்வளவு சுளுவா சொல்லிட்டா, அண்ணாச்சி! தண்ணி குடிக்க மாதிரி. நாலு நாளா என் தொண்டையில முள்ளு மாதிரி நின்ன வார்த்தை. சொல்லிட்டு என்கிட்டத் திரும்பி, 'உங்க ஷூவை நீங்க மாட்டிக்கிட்டு வாங்க'ன்னுட்டு போயிட்டா. அத்தனை வெள்ளைக்காரங்க முன்னால!

எல்லாரும் போயிட்டாங்க. நான் மட்டும் அந்தப் பொந்துக்குள்ள. குனிய முடியல, லேஸ் கட்ட முடியல. காலை மட்டும் உள்ள நுழைச்சுக்கிட்டு, லேஸை இழுத்துக்கிட்டே வந்தேன். வழி பூரா அந்தாளு மூஞ்சி. மூஞ்சியை எவனோ கொத்தி வச்சிருக்கான், கண்ணும் மூக்கும் இல்ல. அப்படிக் கொத்திட்டா செத்தவன் அந்த உலகத்துல யாரையும் பாக்க முடியாதாம், மூச்சு விட முடியாதாம், ரெஃபாத் முன்னாலயே சொல்லியிருந்தான். நல்லா வேணும்னு நினைச்சேன். வெளிய வந்து ஒரு கல்லு மேல உக்காந்து, காலையில தின்ன ரொட்டி பூராத்தையும் எடுத்துட்டேன்.

நான் எல்லாத்துக்கும் காரணம் அந்தப் படம்தான்ங்கேன். அந்தச் செருப்புக்காரன் படம் அங்க இல்லைன்னா ரெஃபாத் கையைத் தட்டியிருக்க மாட்டான், வெள்ளைக்காரி சிரிச்சிருக்க மாட்டா, மக வந்திருக்க மாட்டா. நானும் சாவகாசமா சொல்ல வேண்டியதைச் சொல்லியிருப்பேன். மூவாயிரம் வருஷத்துக்கு முந்தி செத்தவன் என் குடும்பத்துல மண்ணை அள்ளிப் போட்டுட்டான். அதான் எனக்கு அந்தாளை நினைச்சாலே குமட்டுது.

மக? மக அதுக்கப்புறம் லீவுக்கு வாறேன்னு ஒரு வார்த்தை சொல்லல. மரியாதைக் குறைவா நடந்துக்கிடல, அதையும் சொல்லணும். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, அவ்வளவுதான். ஹோட்டல்காரி கேக்க மாதிரி கேப்பா. வடிவு வரல. விசாவை நீட்டிச்சு ரெண்டு மாசம் இருக்கப் போறாளாம். இப்ப இன்னும் மூணு மாசம்ங்கா. போன்ல கேட்டா, ரசப்பொடி எந்த டப்பாவுல இருக்குன்னு மட்டும் விவரமாச் சொல்லுதா.

என்ன, ஐம்பத்தி ஒம்பதா? ஓடுது ஓடுது. இருங்க, இதை மட்டும் சொல்லிட்டுப் போயிருதேன்.

நான் கிளம்புத அன்னைக்கு எல்லாரும் விமான நிலையத்துக்கு வந்திருந்தாங்க. நான் பேத்திகிட்ட சரியா பேசினதே இல்ல. அது எப்பவும் சொரிமுத்து விரலைப் பிடிச்சுக்கிட்டே திரியும். தாத்தா, தாத்தான்னு அவன் மேல ஏறி விழும். என்னைப் பாத்தா விலகி நிக்கும். பழகப் பழகச் சரியாயிரும்னு நினைச்சேன். என் ஜாடை அண்ணாச்சி. நெத்தி அப்படியே எங்க அம்மா நெத்தி.

பாஸ்போர்ட் எல்லாம் எடுத்து வச்சாச்சு. சொரிமுத்து பொட்டியைத் தள்ளிட்டு வந்து நிறுத்தி, 'போயிட்டு வாங்க சார்'ன்னான். வடிவு பிள்ளை முதுகுல கையை வச்சு முன்னால தள்ளினா. 'நீயும் சொல்லு ஆம்பல், ஊருக்குப் போறாங்கல்லா'ன்னா. யாருன்னு சொல்லல. மகளும் சொல்லல. பிள்ளை என்னை ஒரு நிமிஷம் அண்ணாந்து பாத்துச்சு. என்ன சொல்லிக் கூப்பிடுததுன்னு யோசிச்சிருக்கும் போல. அப்புறம் ரெண்டு கையையும் நெஞ்சுல சேத்துக்கிட்டு, அவன் நிக்க மாதிரியே லேசா முன்னால குனிஞ்சு, 'போயிட்டு வாங்க சார்'ன்னுச்சு.

நானும் பழக்கத்துல, சரின்னு தலையை ஆட்டிட்டு உள்ள போயிட்டேன்.